மூடிய பஞ்சாலையும் தனுஷ்கோடியும்: பாழடைந்த கட்டடங்களைப் படமெடுப்பது குறித்து ஒரு கேள்வி

கேள்வி கேட்டவர்: காங்கேயத்துச் சாளை

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஆளில்லாமல் கிடக்கும் கட்டடங்களை நான்கு ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். முதலில் எடுத்தது எங்கள் பெரியப்பாவின் தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை. போர்வெல் வந்த பிறகு பண்ணையம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. சாளையின் ஓடுகள் ஒவ்வொன்றாகச் சரிய, உள்ளே வேப்பங்கன்று முளைத்து ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. அங்குள்ள சேந்துகிணற்றின் விளிம்புக் கல்லில், கயிறு உரசி உரசி விரல் ஆழத்துக்கு ஐந்தாறு தடங்கள் விழுந்திருக்கின்றன. அந்தக் கல்லை எடுத்த படம் ஒன்றைத்தான் இன்றுவரை என் நல்ல படம் என்று சொல்லிக்கொள்ள முடிகிறது.

அதன் பிறகு வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து, நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடுகள், திருப்பூரைச் சுற்றி மூடிக்கிடக்கும் பஞ்சு அரவை ஆலைகள் என்று பல இடங்களுக்குப் போய் ஆயிரக்கணக்கில் எடுத்துவிட்டேன். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. உடைந்த சன்னல், உரிந்த சுண்ணாம்பு, தரையில் ஒரு வெளிச்சக் கற்றை. எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதுகூட எனக்கே சில வேளை நினைவுக்கு வருவதில்லை. இது என்னை மிகவும் வருத்துகிறது.

வரும் டிசம்பரில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நொய்யலும் அமராவதியும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடல் பழக்கமில்லை. இதுவரை இரண்டு முறை கடற்கரையில் எடுத்த படங்களில் பாதி வானம், பாதி நீர், நடுவில் ஒரு கோடு என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. பாழடைந்த கட்டடமும் கடலும் சேர்ந்திருக்கும் இடத்தை எப்படி அணுகுவது, வெளிச்சத்தை எப்படிக் கணிப்பது, உப்புக் காற்றிலிருந்து கருவிகளை எப்படிக் காப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

அனுமதி குறித்தும் கேட்க வேண்டியிருக்கிறது. சென்ற மாசியில் ஓர் அரவை ஆலைக்குள் மதில் இடிந்திருந்த வழியாக நுழைந்துவிட்டேன். காவலாளிப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, திட்டாமல், "கேட்டிருந்தா நானே கதவத் தொறந்து உட்டிருப்பேனுங்களே தம்பி" என்றார். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. நீங்களெல்லாம் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் எழுதியவர்: பவானி கூடுதுறை

ஈரோட்டில் இருபது ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன்; ஓய்வு நாளில் நீங்கள் செய்வதையே நானும் செய்கிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி உங்கள் முதல் பத்தியிலேயே இருக்கிறது. கிணற்றுக் கல்லின் படம் நன்றாக வந்ததற்குக் காரணம், அங்கே யார் என்ன செய்தார்கள் என்பது கல்லில் எழுதியிருக்கிறது. உரிந்த சுண்ணாம்பில் அது இல்லை. மழை பெய்தால் எந்தச் சுவரும் உரியும்.

அகன்ற கோண லென்ஸை ஒரு பயணம் முழுக்க வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். 16 மி.மீ. லென்ஸில் எந்த அறையும் பிரம்மாண்டமாகத் தெரியும். தூண்கள் உள்ளே சாயும். எல்லா இடமும் ஒரே இடமாகிவிடும். ஒன்றுபோலவே இருக்கின்றன என்று நீங்கள் வருந்துவதற்கு அதுவே முதன்மைக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் போட்டால், எதைச் சட்டகத்துக்குள் வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தே தீர வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், இது டிசம்பர் பயணத்துக்கு உதவும். டிசம்பர் கடைசி வாரத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் விழும். தனுஷ்கோடியில் உச்சிப்பொழுதில்கூட அது தலைக்கு நேர் மேலே வராமல், தெற்கே சாய்ந்து, ஏறத்தாழ 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆகையால் தெற்கு பார்த்த சுவர்களில் நாள் முழுக்க வெயிலும், வடக்கு பார்த்த சுவர்களில் நாள் முழுக்க நிழலும் இருக்கும். சித்திரை வெயிலில் எடுக்கவே முடியாத பதினொரு மணிப் படத்தை அங்கே டிசம்பரில் எடுக்க முடியும். போன உடனே ட்ரைபாடை விரிக்காமல், கையில் திசைகாட்டியோடு ஒரு முறை முழுக்கச் சுற்றி வந்து, எந்தச் சுவரை எந்த நேரத்தில் எடுப்பது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கூரை போன கட்டடத்தின் உள்ளே நின்று எடுக்கும்போது வானம் வெளுத்துவிடும், சுவர் கருத்துவிடும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப் 8 என்று நிறுத்திவிட்டு, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது) மூன்று படங்கள் எடுத்து, கேமரா பதிந்த மூலத் தரவான ரா கோப்பாகவே வைத்துக்கொண்டு வீட்டில் இணைக்கலாம். இணைக்கும்போது நிழலை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். இருட்டான மூலை இருட்டாகவே இருக்கட்டும். அது அந்தக் கட்டடத்தின் இயல்பு. இரைச்சலிடும் நிறங்களில் வரும் இணைப்புப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பதில் எழுதியவர்: சிங்காநல்லூர் மில்லுக்காரர் மகள்

நான் கோவையிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா ஒரு பஞ்சாலையில் பஞ்சைச் சீவிச் சீராக்கும் கார்டிங் பகுதியில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வேறு விதமாகப் படுகிறது.

கோவையில் 1888ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வரிசையாக எழுந்தன. மில்லுச் சங்கு ஊதுவதைக் கேட்டு உலை வைத்த ஊர் இது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன; பிறகு அவை பழையபடி ஓடவில்லை. அவற்றில் வேலை பார்த்தவர்கள் இன்னும் பக்கத்துத் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். ஆகவே மூடிய ஆலையைப் படமெடுப்பவர்கள், பழங்காலத்துச் சிதிலம் ஒன்றைப் பார்க்கிறோம் என்ற நினைப்போடு உள்ளே போகக் கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மூடிவிட்ட வேறொரு தனியார் ஆலையில் உரிமையாளரிடம் கடிதம் கொடுத்து, அனுமதி பெற்று, அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். இயந்திரங்களை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குக் காலியான மண்டபம்தான் தெரிந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எந்திரத்தை நிறுத்திய போல்ட்டுகளின் அடிக்கட்டைகள் இரண்டிரண்டாக வரிசை பிடித்துப் போவதையும், அந்த வரிசைகளுக்கு இடையே எண்ணெய் ஊறிக் கறுத்த தரையின் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சிமெண்ட் தேய்ந்து வழவழப்பாகக் கிடப்பதையும் காட்டி, "இதுலதான் எட்டு மணி நேரமும் நடப்போம்" என்றார். ஆட்கள் நடந்து நடந்தே ஏற்பட்ட தடம் அது. குனிந்து கையால் தடவிப் பார்த்தார். நான் அந்தத் தரையை எடுத்தேன். தடவிய கையையும் எடுத்தேன். அப்பா இல்லாமல் போயிருந்தால் சன்னலைத்தான் எடுத்திருப்பேன். உங்கள் பெரியப்பாவின் கிணற்றுக் கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தத் தரைதான் நினைவுக்கு வந்தது. எனவே முடிந்த இடத்திலெல்லாம் அங்கே வேலை பார்த்தவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். உங்களை அன்று பிடித்த காவலாளிப் பெரியவரிடமே திரும்பிப் போய்க் கேட்கலாம். திறந்துவிடுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறாரே.

நம் பக்கத்து ஆலைகளில் வெளிச்சம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஆலைகளின் கூரை ரம்பப் பல் போல ஏறி இறங்கும்; கண்ணாடி பதித்த பக்கம் வடக்கு நோக்கியிருக்கும். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நேர் வெயிலும் உள்ளே விழக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இது குளிர் நாட்டில் பிறந்த வடிவம். அங்கே உச்சிச் சூரியன் எந்நாளும் தெற்கேதான் நிற்கும். கோவையோ 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடபுறமாகப் போகிறது. அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்னும் பின்னுமாக, வடகிழக்கிலிருந்து கண்ணாடி வழியே சாய்ந்த வெயில் உள்ளே இறங்கும். மற்ற மாதங்களில் பால் போன்ற சீரான வெளிச்சம் மட்டுமே கிடைக்கும். இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டும். எனக்குச் சீரான வெளிச்சமே பிடித்திருக்கிறது. அதில்தான் அவர்கள் வேலை செய்தார்கள்.

தனியாகப் போகாதீர்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு உடைந்து கிடக்கும் இடத்தில் முகக்கவசம் இல்லாமல் நிற்கக் கூடாது; அந்தத் தூள் நுரையீரலில் தங்கிவிடும். தோட்டத்துச் சாளைகளில் புதர் மூடிய கிணறுகள் இருக்கும். நீங்கள் அந்த ஊர்க்காரர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பதில் எழுதியவர்: உடுமலை ரயிலடி

தனுஷ்கோடிக்கு 2012 முதல் ஆறு முறை போயிருக்கிறேன். முதலில் போனபோது முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கிருந்து மணலிலும் நீரிலும் வேன் குலுங்கிக்கொண்டே போகும். 2017இல் நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகு உங்கள் வண்டியிலேயே போய்விடலாம். கோவையிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை வழியாக ராமேசுவரத்துக்கு 400 கிலோமீட்டரை ஒட்டி வரும். ராமேசுவரத்தில் தங்கிக்கொண்டு, விடியலில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை என்று தினமும் இரண்டு தடவை போய் வாருங்கள். இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிடுவார்கள் என்பதால் இரவுப் படங்களுக்குத் திட்டமிடாதீர்கள். காலையில் எத்தனை மணிக்கு உள்ளே விடுகிறார்கள் என்பதை முதல் நாளே சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்காநல்லூர் அம்மணி எழுதியதை அப்படியே இங்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆலை பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நிற்கிறது. தனுஷ்கோடி ஒரே இரவில் போயிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கலாம் என்றிருந்தது. ரயில் நிலையம், அஞ்சலகம், தேவாலயம், கோயில், பள்ளி எல்லாம் இருந்த துறைமுக ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்கு அருகில் கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு பிறகு அறிவித்தது. நீங்கள் போகிற மாதமும் அதே டிசம்பர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்தின் சுவரை எல்லோரும் பத்தடி தள்ளி நின்று எடுக்கிறார்கள். ஒரு சாண் தொலைவில் போய்ப் பாருங்கள். அது பவளக்கல். கல்லில் தேன்கூட்டைப் போலச் சிறு சிறு கண்கள் இருக்கும். கடலில் உயிரோடு இருந்தபோது அமைந்த உருவம் அது. கல்லுக்கு இடையில் வைத்த சாந்து உப்பில் பொடிந்து உள்ளே போய்விட, கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடலிலிருந்து எடுத்த கல்லால் கட்டிய சுவரைக் கடலே திரும்பக் கேட்டிருக்கிறது. பக்கவாட்டு வெயிலில் அந்தக் கண்களுக்குள் நிழல் விழும்போது ஒரு படம் எடுத்தால், அதை நீங்கள் வேறெந்த ஊரோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். கையை ஊன்றாதீர்கள், மேலே ஏறாதீர்கள், தொட்டாலே உதிர்கிறது.

கடல் உங்களுக்குப் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இரண்டு கடல்கள் இருக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் அந்தப் பகுதி மக்கள் சொல்வார்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றில் ஆண்கடல் சீறும். பெண்கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பரில் வாடைக்காற்று வீசுவதால் நிலைமை மாறி, வடபுறம் அலை எழும்பும். ஒரு கடலையாவது ஒரு மணி நேரம் கேமராவை எடுக்காமல் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் எத்தனைக்கு ஒரு முறை வருகின்றன, நீர் மணலிலிருந்து திரும்பும்போது எந்தப் பக்கம் கோடு இழுக்கிறது என்பது தெரிந்த பிறகு, அடிவானக் கோட்டை நடுவில் வைக்க உங்களுக்கே தோன்றாது. நீர் திரும்பும் நேரத்தில் அரை நொடி ஷட்டர் போதும். மணலில் வெண்கோடுகள் விழும். அதைவிட நீட்டினால் கடல் புகையாகிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் அரை நொடி கிடைக்க, லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். ஆறு ஸ்டாப் ஃபில்டர், முப்பதில் ஒரு பங்கு நொடியை இரண்டு நொடியாக்கும் என்பதைக் கணக்கில் வைத்து, துளையைத் திறந்து சரிசெய்துகொள்ளுங்கள்.

உப்பைப் பற்றி நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 2015இல் காற்று பலமாக வீசிய ஒரு நாள், மணல்திட்டின் மேல் நின்று லென்ஸ் மாற்றினேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் கேமரா திறந்திருந்தது. அன்றிரவு விடுதியில் பார்த்தால் சென்சாரில் மணல். ஷட்டர் அரைக்கும் ஓசை கேட்டது. போதாக்குறைக்கு, லென்ஸின் முகப்பில் படிந்த உப்பைச் சட்டைத் துணியால் துடைத்து, கண்ணாடியில் வட்டக் கீறல்களை நானே போட்டுவிட்டேன். எட்டு மாதச் சேமிப்பு போயிற்று. உப்புப் படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. முதலில் ஊதி மணலைப் போக்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றியெடுத்து, அதன் பிறகே துடைக்க வேண்டும். அங்கே இருக்கும்வரை லென்ஸ் மாற்றாதீர்கள். ட்ரைபாட் கால்களை அன்றன்றே நல்ல தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் திறந்து உலர விடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். பையோடு அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள். கடல் எல்லைக்கு மிக அருகில் உள்ள பகுதி. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் இருக்கிறது.

எனக்கு மனக்குறையான ஒன்றும் உண்டு. தனுஷ்கோடியைப் "பேய் நகரம்" என்று தலைப்பிட்டுப் படங்களை வெளியிடுகிறார்கள். கம்பிப்பாட்டிலும் சுற்றிலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு குடத்தில் நிரப்பும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் முழங்கை ஆழத்தில் குடிநீர். ஆள் வாழும் ஊரைப் பேய் நகரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களைப் படமெடுப்பதாக இருந்தால் முதலில் பேசுங்கள், சங்கு மாலையோ கருவாடோ வாங்குங்கள், வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

பதில் எழுதியவர்: கரூர் அமராவதிக்கரை

உடுமலை நண்பர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். பவளக்கல் சுவருக்குப் பக்கவாட்டு வெயில்தான் வேண்டும் என்பதில்லை. டிசம்பரில் வானம் மூடியிருந்தால் வருந்த வேண்டாம். அந்தச் சாம்பல் வெளிச்சத்தில்தான் கல்லின் மங்கிய மஞ்சளும் பாசியின் கறுப்பும் பிரிந்து தெரியும். அதனாலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடாதீர்கள். சிதிலம் என்றாலே கறுப்பு வெள்ளை என்று ஒரு வழக்கம் ஆகிவிட்டது. அதில் பவளக்கல்லும் செங்கல்லும் ஒரே நிறமாகிவிடும்.

இன்னொரு பயணத்துக்குத் தரங்கம்பாடியை நினைவில் வையுங்கள். 1620இல் டென்மார்க்குக்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும், அதற்கு அருகிலேயே 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போன மாசிலாமணிநாதர் கோயிலும் அங்கே இருக்கின்றன. கோயிலில் வழிபாடு நடக்கிறது. அதைப் பாழடைந்த கட்டடமாக எண்ணி எடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்: காங்கேயத்துச் சாளை

நான்கு பேருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை அந்த அரவை ஆலைக்குப் போய்க் காவலாளிப் பெரியவரைப் பார்த்தேன். அடையாளம் தெரிந்துகொண்டார். உரிமையாளரிடம் கைப்பேசியில் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டு, கூடவே நடந்தார். 50 மி.மீ. லென்ஸ் மட்டும் எடுத்துப் போயிருந்தேன். சென்ற முறை நான் கவனிக்காமல் தாண்டிய ஒரு தூணைக் காட்டினார். வண்டி வண்டியாக வந்த பருத்திக்குக் கணக்காகக் கரியால் இழுத்த கோடுகள், ஐந்தைந்தாகக் குறுக்கே அடித்து, அவர் தலை உயரம் வரை இருந்தன. கடைசி வரிசையில் மூன்று கோடுகள் மட்டும் இருந்தன. அதற்குமேல் வண்டி வரவில்லை என்றார்.

பத்துப் படங்கள்தான் எடுத்தேன். அவற்றில் ஒன்றில் தூணுக்கு அருகில் அவரும் நிற்கிறார். அவருக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுக்க வேண்டும். தனுஷ்கோடிக்கு டிசம்பர் 21 கிளம்புகிறேன். உடுமலை அண்ணா, கடலைப் பார்த்து உட்காரும் அந்த ஒரு மணி நேரத்துக்கு, வடபுறக் கரையில் கூட்டம் இல்லாத இடம் ஏதாவது உண்டா?

பதில் எழுதியவர்: உடுமலை ரயிலடி

அரிச்சல்முனை வளைவில் நிற்காதீர்கள். எல்லா வண்டிகளும் அங்கேதான் திரும்பும். பழைய ரயில் நிலையத் தூண்களுக்கு வந்து, சாலைக்கு வடக்கே மணலில் இறங்கி நடங்கள். காலையில் வலை இழுப்பவர்களைத் தவிர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவர்கள் கயிற்றைக் கடந்து போகாமல், பின்னால் தள்ளி உட்காருங்கள்.